படுக்க முடியாத வாங்கு

அன்று செவ்வாய்க்கிழமை. சாப்பாட்டுக் கடைகளில் சோறு விற்கக் கூடாதென்று அரசாங்கம் தடுத்திருந்த நாள். பதுளை பசார் வீதியில் நஸீர் ஹாஜியாருடைய புடைவைக் கடையின் மேல்மாடியில் யன்னல்களை இறுகச் சாத்திவிட்டு நெய்ச்சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

யன்னலைச் சாத்தினால் வாசம் அடங்கிவிடுமா? ஷுக்ரி தெருவில் வரும்போதே அது மூக்கில் ஏறிவிட்டது. நெய், ஏலம், பொரித்த வெங்காயம், ஆட்டிறைச்சி. கடை வாசலில் தேயிலைத் தோட்டத்து மனுஷி ஒருத்தி சுவரோடு சாய்ந்து, மழை வருமா என்று பார்ப்பவளைப் போல முகத்தை மேலே தூக்கியபடி உட்கார்ந்திருந்தாள். அவள் அந்த மணத்தைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது பாதிப் படி ஏறிய பிறகே அவனுக்கு உறைத்தது.

மேலே எட்டுப் பேர் இருந்தார்கள். நகர நலச் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தவர்கள். தலைவர் நஸீர் ஹாஜியார். ஷுக்ரியின் மனைவி லரீபாவுடைய வாப்பா. செயலாளர் ஹுமைத் மாஸ்டர், பென்ஷன் வாங்கிய பள்ளிக்கூட வாத்தியார். பஸ் நிலையத்துக்கு எதிரே தேநீர்க் கடை வைத்திருந்த பொன்னையா முதலாளியும் இருந்தார். மற்றவர்களும் கடைக்காரர்கள்தான். ஷுக்ரி சங்கத்தில் இல்லை. வீடு, கடை கட்டுகிறவர்களுக்குப் படம் வரைந்து கொடுப்பது அவன் தொழில். பஸ் நிலையத்தருகே சனங்கள் ஒதுங்கி இருக்கச் சங்கம் கட்டிய மர அம்பலம் அவன் வரைந்தது என்பதால் கூப்பிட்டிருந்தார்கள்.

"சாப்பிடுங்க மருமகன், பெறகு பேசலாம்" என்றார் ஹாஜியார்.

அவன் சாப்பிட்டான். பின்னாளில் இந்தக் கதையைச் சொல்ல நேர்ந்தபோதெல்லாம் அவன் அதை மறைத்ததில்லை. நன்றாகவே சாப்பிட்டான். இரண்டாம் தரம் கேட்டபோதும் பீங்கானை நீட்டினான்.

"அம்பலம் நாறுதுங்க ஹாஜியார்" என்று பொன்னையா முதலாளி எலும்பை உறிஞ்சிவிட்டுத் தொடங்கினார். "தோட்டத்து ஆளுங்க குடும்பம் குடும்பமா வந்து படுத்துக் கெடக்குறாங்க. பேளுறதும் மோளுறதும் பின்னால சாக்கடைக் கான் ஓரத்துல. என் கடைக்கு வர்ற ஆளுங்க மூக்கப் பொத்திக்கிட்டு வர்றாங்க."

தோட்டத்து ஆளுங்க என்று அவர் சொன்ன விதத்தைக் கேட்டால், அவருடைய தகப்பனார் மடுல்சீமையில் கங்காணியிடம் பேர் பதிந்து கொழுந்துக் கூடை சுமந்தவர் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

அந்த அம்பலத்துக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை. ஷுக்ரி வரையும் அறை பஸ் நிலையத்தைப் பார்த்த ஒரு மாடியில் இருந்தது. ஆஸ்பத்திரிக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் வந்த தோட்டத்துப் பெண்கள் பின்னேர பஸ்ஸுக்காகக் காலையிலிருந்தே நிற்பதை அவன் தினமும் பார்த்தான். கடை வாசலில் உட்கார்ந்தால் கடைக்காரன் வாளித் தண்ணீரைத் தெளிப்பான். எழும்பி அடுத்த வாசலுக்குப் போவார்கள். அங்கேயும் வாளி வரும். இதைப் பார்த்துப் பார்த்துத்தான், யாரும் கேட்காமலே, அவன் ஓர் அம்பலத்தை வரையத் தொடங்கினான்.

எட்டடிக்கு எட்டடியில் நாலு தூண், மேலே ஒரு தகரக் கூரை, நடுவே உட்கார ஒரு பலகை வாங்கு. அதுதான் ஒரு கூறு. இப்படி எத்தனை கூறு வேண்டுமோ அத்தனையைச் செய்து பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, போல்ட் போட்டு முறுக்கிவிடலாம். நிலம் சரிந்தால் அடுத்த கூறு ஒரு படி கீழே இறங்கும். எந்தத் துண்டும் இரண்டு பேர் தூக்கக்கூடிய பாரம். ஒன்று உளுத்துப்போனால் அதை மட்டும் கழற்றிப் புதிதாக மாட்டலாம். வாங்குகள் சட்டத்தில் வெட்டிய காடியில் வழுக்கி வரும். அவற்றை வெளியே எடுத்துச் சேர்த்துப் போட்டால் கூட்டத்துக்கு மேடை, கல்யாணத்துக்குப் பந்தி. தூணுக்கு யூக்கலிப்டஸ், வாங்குக்குப் பலா. பலாப் பலகை பன்னிரண்டடி நீளத்தில் வந்தது. கழிவில்லாமல் இரண்டாக அறுத்தால் ஒரு வாங்கு ஆறடி. ஆள் நீட்டிப் படுப்பதற்காக அவன் அந்த அளவை வைக்கவில்லை.

மாமனாருக்குப் படம் பிடித்துப்போயிற்று. சங்கத்துக்கும் பிடித்தது. பதுளைக்கு வெளியே ஒரு பட்டறை வைத்திருந்த மாரிசாமி ஆசாரி பன்னிரண்டு கூறுகளைச் செய்து முடித்தான். தோட்ட லயத்தில் பிறந்து, தச்சு வேலை பழகி டவுனுக்கு இறங்கியவன் அவன். திறப்பு விழாவில் ஷுக்ரியையும் பேசச் சொன்னார்கள். "இதில எந்தத் துண்டையும் நாளைக்கு மாத்தலாம். மத்தத் துண்டுக்கு ஒன்டும் ஆகாது" என்றான். கை தட்டினார்கள்.

பிறகு பஞ்சம் வந்தது. மாவும் அரிசியும் பங்கீட்டுக் கூப்பனில் சுருங்கின. தோட்டங்களில் வேலை நாட்கள் குறைந்தன. மரவள்ளி இலையை அவித்துத் தின்றவர்கள், அதுவும் தீர்ந்தபின் மலையிலிருந்து நடந்தே இறங்கினார்கள். முதலில் ஐந்தாறு பேர், பிறகு முப்பது நாற்பது பேர். அம்பலம் நிறைந்துவிட்டது. யன்னல் வழியே பார்த்த ஷுக்ரிக்கு முதலில் உண்டானது திருப்திதான். தான் வரைந்தது சும்மா கிடக்கவில்லை, ஒரு கூறுகூட வெறுமையாக இல்லை என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தான்.

ஒருநாள் கீழே இறங்கிப் போனான். மூன்றாவது கூறில் ரெங்கம்மா என்ற மனுஷி இருந்தாள். அவளுடைய புருஷன் தம்பையா வாங்கில் நீட்டிக் கிடந்தான். கால்கள் இரண்டும் மாவு பிசைந்து வைத்ததுபோல வீங்கியிருந்தன.

"ஆஸ்பத்திரிக்குக் காட்டினீங்களா?" என்று கேட்டான்.

"காட்டுனோங்க. நோவு ஒண்ணும் இல்லையாம், நல்லாச் சாப்புடச் சொன்னாங்க" என்றாள் ரெங்கம்மா. கேலியாகச் சொல்லவில்லை, சொன்னதை அப்படியே சொன்னாள். பிறகு வாங்கைத் தடவிக்கொண்டு, "இத யாருங்கையா கட்டுனது? பலகை கதகதப்பா இருக்கு. சிமெந்துன்னா இந்தக் குளிருக்கு இவரு தாங்கமாட்டாரு" என்றாள்.

"நான்தான் வரைஞ்சேன்."

"நல்லா இருக்கணும் நீங்க."

அவர்களைப் பற்றித்தான் இப்போது நெய்ச்சோற்றின் முன்னால் பேச்சு நடந்தது. பொலிசுக்குச் சொல்லலாம் என்றார் ஒருவர். அது பார்க்க நல்லாயில்லை, சங்கத்துக்குக் கெட்ட பெயர் என்றார் ஹாஜியார். யாரையும் துரத்தாமல் காரியம் நடக்க வேண்டும். அதற்கு வழியை ஹுமைத் மாஸ்டர்தான் சொன்னார். விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"வாங்கு இருக்கிறதுக்குத்தானே, படுக்கிறதுக்கா? இடைக்கிடை ஒரு பலகையக் குறுக்க வெச்சா ஆள் இருக்கலாம், படுக்க ஏலாது. நம்மட மருமகன்தானே அண்டைக்கிச் சென்னார், எந்தத் துண்டையும் மாத்தலாம்ண்டு."

எல்லாரும் ஷுக்ரியைப் பார்த்தார்கள். வாயில் சோறு இருந்தது. விழுங்கிவிட்டு, "செய்யலாம்" என்றான். அவ்வளவுதான். ஒரு வாதம், ஒரு தயக்கம், ஒன்றுமில்லை. மாமனாருக்கு முன்னால் இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை என்று பிறகு தனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தான். அதுவும் பொய். கேட்டவுடனேயே அவன் மண்டைக்குள் பலகையின் அளவு ஓடத் தொடங்கிவிட்டது.

அன்று பின்னேரமே வீட்டில் உட்கார்ந்து வரைந்தான். இரண்டடிக்கு ஒரு தடுப்பு என்றால் ஒல்லியான ஆள் சுருண்டு படுத்துவிடுவான். ஒன்றரை அடிக்கு ஒன்று, வாங்குக்கு மூன்று தடுப்பு, நாலு பேர் இருக்கலாம். உயரம் எவ்வளவு? குறைவாக வைத்தால் சாக்கை மடித்துப் போட்டு மேலேயே படுப்பார்கள். கூட வைத்தால் பார்க்க அழகில்லை. இதைத் தாளில் கண்டுபிடிக்க முடியாது என்று முன்னறையில் கிடந்த தன் வீட்டு வாங்கில் தடுப்பைப்போல இடைக்கிடை புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் நீட்டிப் படுத்துப் பார்த்தான். ஒரு புத்தகம் கூட்டினான், மறுபடி படுத்தான். இன்னொன்று கூட்டினான். ஒன்பது அங்குலத்தில் இடுப்பு எலும்பு தாங்கவில்லை. எழும்பிவிட்டான்.

லரீபா கதவடியில் நின்று சிரித்தாள். "என்ன வெளயாட்டு இது?"

"படுக்க ஏலாம ஈக்கணும். அதுக்கு அளவு பாக்கிறன்."

"யாருக்கு?"

அவன் சொன்னான். அவளுடைய சிரிப்பு போய்விட்டது. வாங்கின் மேலிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரியில் அடுக்கினாள். கடைசிப் புத்தகத்தை வைத்துவிட்டு, "வாப்பா சென்னாரா?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் குசினி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவன் படத்தை முடித்தான். அதிலும் கேவலம் என்னவென்றால், படம் நன்றாக வந்திருந்தது. தடுப்பின் மேல்விளிம்பை உருட்டி, கை வைக்க வாகாகச் சரித்திருந்தான். அடியில் ஒரு காடி, ஒரு ஆப்பு, ஒரு போல்ட். வாங்கில் ஓட்டை போடாமலே மாட்டிவிடலாம். அவன் கை அந்த வேலையை ரசித்துச் செய்திருந்தது. தலையைச் சரித்து வைத்துத் தூரத்திலிருந்து படத்தைப் பார்த்தபோது அந்தக் கையை எங்காவது கழுவ வேண்டும்போல இருந்தது அவனுக்கு.

மறுநாள் மாரிசாமியின் பட்டறைக்குப் படத்தைக் கொண்டுபோனான். மாரிசாமி அதை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஆளுங்க படுக்காம இருக்கத்தானே நானா?"

ஷுக்ரியை அவன் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவான்.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கீங்க" என்றான் மாரிசாமி. "முப்பத்தாறு. நாலு நாள் குடுங்க." அவன் கோபப்பட்டிருக்கலாம், படத்தை முகத்தில் எறிந்திருக்கலாம். ஷுக்ரி அதைத்தான் எதிர்பார்த்து வந்தான். கொஞ்சம் ஆசைப்பட்டும்கூட வந்தான். மாரிசாமியோ படத்தை ஆணியில் குத்தித் தொங்கவிட்டு, பலகையைத் தேடத் தொடங்கினான். "எங்க அத்தை மகன் குடும்பமும் அங்கதான் கெடக்கு. நான் செய்யலேன்னா வேற ஒருத்தன் கோணலா செஞ்சு மாட்டுவான்" என்றான், முதுகைக் காட்டிக்கொண்டு.

ஐந்தாம் நாள் காலையில் மாட்டினார்கள். ஷுக்ரியும் வந்து நிற்க வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியனுப்பியிருந்தார். கிடந்தவர்கள் எழும்பி ஓரமாக நின்று இடம் விட்டார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. ரெங்கம்மா புருஷனைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு வேலையைக் கவனமாகப் பார்த்தாள். மூன்றாவது கூறின் தடுப்புகளை மாட்டி முடித்ததும் அதன் உருண்ட விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"கைய ஊனிக்கிட்டு எந்திரிக்கிறதுக்காங்கையா? இவருக்குத்தான் எந்திரிக்க முடியலேன்னு பாத்துட்டுப் போனீங்களே, அதுக்கா?"

மாரிசாமி சுத்தியலை நிறுத்திவிட்டு ஷுக்ரியின் முகத்தைப் பார்த்தான்.

"ஆமா" என்றான் ஷுக்ரி.

"மவராசனா இருங்க."

அங்கிருந்து அவன் எப்படித் தன் அறைக்குப் போனான் என்று அவனுக்கே தெரியவில்லை. யன்னலைச் சாத்திவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தன் நாக்கு வாயில் செத்துக் கிடக்கும் ஏதோ ஒன்றைப்போல அவனுக்குத் தோன்றியது.

மூன்று நாள் அவன் அந்தப் பக்கம் போகவில்லை, யன்னலைத் திறக்கவும் இல்லை. நாலாம் நாள் காலையில் கீழே சத்தம் கேட்டது. இறங்கிப் போனான். இராத்திரி பெய்த மழையில் சிமெந்துத் தரை முழுக்க ஈரம். மூன்று நாளாக எல்லாரும் வாங்குகளுக்கு அடியில் தரையில்தான் படுத்திருக்கிறார்கள். தம்பையா அங்கேயே செத்துப்போயிருந்தான். பஸ்ஸுக்கு நின்றவர்கள் கால்களை ஒதுக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். ரெங்கம்மாவும் இன்னும் இரண்டு பேரும் பிணத்தைத் தூக்கி வாங்கில் கிடத்தப் பார்த்தார்கள். ஈரத்தில் கிடக்க வேண்டாமே என்று. கிடத்த முடியவில்லை. தடுப்புகளின் மேலே முதுகு நிமிராமல் ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. மறுபடி தூக்கினார்கள். மறுபடி சரிந்தது. ஒன்பது அங்குலம்; உயிருள்ள இடுப்புக்குப் பார்த்த அளவு பிணத்துக்கும் பிசகாமல் வேலை செய்தது.

ஷுக்ரி ஓடிப்போய் அறையிலிருந்து போல்ட் திருகும் சாவியைக் கொண்டுவந்தான். மூன்றாவது கூறின் வாங்கிலிருந்த மூன்று தடுப்புகளையும் கழற்றினான். தம்பையாவை அதில் கிடத்தினார்கள். ரெங்கம்மா சீலைத் தலைப்பால் அவன் முகத்தை மூடினாள். இந்த முறை அவள் ஷுக்ரியை வாழ்த்தவில்லை, திட்டவும் இல்லை. அவன் யாரென்று நினைவிருக்கிறதா என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

அவன் அடுத்த வாங்குக்குப் போனான். அதற்கு அடுத்ததற்குப் போனான். பட்டப்பகலில், சனம் பார்த்திருக்க, போல்ட்டைத் திருகி ஆப்பைத் தட்டித் தடுப்புகளைப் பிடுங்கி எடுத்துக் குவித்தான். யாராவது வந்து தடுப்பார்கள், சண்டை பிடிப்பார்கள், மாமனார் வந்து நாலு பேர் முன்னால் கத்துவார் என்று அவன் உடம்பு முழுக்கக் காத்திருந்தது. பொன்னையா முதலாளி கடை வாசலுக்கு வந்து நின்று பார்த்தார். பிறகு கூப்பிட்டுக் கேட்டார்:

"வேர்க்குதே நானா. ஒரு ப்ளேன் டீ அனுப்பவா?"

ஹாஜியாரும் வந்தார். குடையை மடித்துக்கொண்டு, குவிந்து கிடந்த தடுப்புகளைப் பார்த்தார், பிணத்தைப் பார்த்தார், சாவுக்குச் சொல்லும் இன்னாலில்லாஹியைச் சொன்னார்.

"சரிதான் மகன். மய்யித்து ஈக்கும்போது இது கண்ணுக்கு நல்லாயில்லைதான். கழட்டி ஒரு பக்கமா அடுக்கி வெச்சிட்டுப் போங்க. அடக்கம் முடிஞ்சாப் பெறகு மாட்டிக்கொள்ளலாம்."

"மாமா, நான் மாட்டமாட்டன்."

"நீங்க மாட்ட வேணாம்" என்றார் அவர், வெகு அன்பாக. "அது லேசான வேல. நீங்களே அப்பிடித்தானே வரைஞ்சீக்கிறீங்க."

அப்படியேதான் நடந்தது. பின்னேரம் பிணத்தை எடுத்த பிறகு, தரையில் பினைல் ஊற்றித் தேய்த்தார்கள். மாரிசாமி வந்து முப்பத்தாறு தடுப்புகளையும் திரும்ப மாட்டினான். ஷுக்ரி கழற்ற அரைநாள் எடுத்திருந்தான். கைதேர்ந்த ஆசாரிக்கு ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அந்த வாரக் கடைசியில் யாரோ ஏற்பாடு செய்த லொறி ஒன்று வந்தது. மிச்சமிருந்தவர்களைத் தோட்டத்துக்கே கொண்டுபோய் விடுவதாகச் சொல்லி ஏற்றிப்போனார்கள். ரெங்கம்மாவும் அதில்தான் போயிருக்க வேண்டும். அதன் பிறகு அம்பலத்தில் காலேஜ் பிள்ளைகளும் வெலிமடை மரக்கறி வியாபாரிகளும் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள்.

ஷுக்ரி சங்கத்துக்குப் படம் வரைவதை நிறுத்தினான். மாமனார் வீட்டு விருந்துக்குப் போனால் வயிறு சரியில்லை என்று சொல்லித் தண்ணீர் மட்டும் குடிப்பான். அது பொய்யும் அல்ல. "மருமகனுக்கு மென்மையான மனசு" என்று ஹாஜியார் மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்வார். அதைக் கேட்டதும் அவன் தண்ணீர்க் கோப்பையையும் கீழே வைத்துவிடுவான்.

நாலு வருஷம் கழித்து ஒரு வீட்டு வேலை விஷயமாகப் பண்டாரவளைக்குப் போனான். திரும்பும்போது பஸ் தாமதம். மழைத் தூறலுக்கு ஒதுங்க நிழற்குடை ஒன்று இருந்தது, போய் உட்கார்ந்தான். காலையிலிருந்து அலைந்த களைப்பு. கையை ஊன்றிச் சாய்ந்தபோது உள்ளங்கை ஒரு உருண்ட விளிம்பில் வாகாகப் பதிந்தது. குனிந்து பார்த்தான். காடி, ஆப்பு, போல்ட். சாணால் அளந்து பார்க்கத் தேவையே இல்லை. ஒன்பது அங்குலம், ஒன்றரை அடிக்கு ஒன்று. அங்கேயும் ஒரு கடைக்காரர் சங்கம் இருந்திருக்கும், யாரோ படத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்திருப்பார்கள்.

அவனை வதைத்தது அது இல்லை. உட்கார அது சுகமாக இருந்தது. களைத்த மனுஷனுக்கு முழங்கையை வைக்க, பக்கத்தில் இருப்பவன்மேல் இடிக்காமல் அமர, அதைவிட நன்றாக ஒரு வாங்கு செய்ய முடியாது.

அவன் எழும்பித் தூறலில் போய் நின்றான்.

பக்கத்தில் இருந்த வயசாளி ஒருவர் கூப்பிட்டார். "ஏன் தம்பி நனையிறீங்க? இடம் ஈக்கே, வந்து இருங்க."

"வேணாம் காக்கா. நான் நிக்கிறன்" என்றான் ஷுக்ரி.

பஸ் வர முக்கால் மணித்தியாலம் ஆயிற்று.